மருமகனுக்குக் கொடுத்த கழுகு இறகு

தெற்கு டகோட்டா
மே 19

அன்பு மகள் கோராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே புலம்பத் தொடங்கிவிடுகிறது. ஜெர்மனியில் பட்டாளத்துச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது, போன படத்தில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. இறகு விஷயம் யார் மூலமோ உன் காதுக்கும் எட்டி, ஞாயிற்றுக்கிழமை போனில் "அந்த எறக எப்படியாவது திருப்பி வாங்கிடும்மா, அவரு வேலை போயிடும்" என்று அழுதாய். நான் திருப்பி வாங்கவில்லை. நடந்ததைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கும் அழுகை வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரிப் பனிப்புயலில் உன் புருஷன் எரிக் தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தோடு சிக்கி, பதினான்கு பிள்ளைகளையும் ஆறு மணி நேரம் உறையாமல் காப்பாற்றிக் கொண்டுவந்தது உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுத எனக்குப் பிடிக்கிறது. நம் பூர்வகுடிச் சனம் கூடி ஆடும் வசந்தகால ஆட்டத்தில் அவனைக் கௌரவிக்க நினைத்தேன். கொரியப் போரிலிருந்து திரும்பியபோது என் அப்பாவுக்குக் கட்டிய கழுகு இறகைத்தான் கொடுத்தேன். மாமியார் மருமகன் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்பது நம் வழக்கம், அதனால் உன் அப்பாதான் கட்டிவிட்டார். எரிக் பெருமை தாங்காமல் அதைப் பேருந்தின் முன்கண்ணாடியில் தொங்கவிட்டான், ஊரே பார்க்கும்படி. என் அக்கா லியோனாவின் மகன் ஆர்வல் வனக்காவலராக இருக்கிறானே, அவனும் பார்த்தான். காபி குடிக்க வந்தவன் தலையைச் சொறிந்தபடி, "சின்னம்மா, நம்ம இனப் பதிவேட்டுல பேர் இருக்கறவங்கதான் கழுகு எறகு வெச்சுக்கலாம். அவரு வெள்ளைக்காரரு. வெச்சிருந்தா அவருக்குத் தப்பு, குடுத்தா உங்களுக்கும் தப்பு. தொப்பியில சொருகியிருக்காரே, பருந்து எறகு, அது கீழ கெடந்து எடுத்ததுன்னாலும் தப்புதான்" என்றான். நாம் நம்மவர்களுக்கே கொடுத்து வாங்கிப் பழகியவர்கள், வாங்குகிறவன் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று யோசிக்க எனக்கு எங்கே தோன்றியது? எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சட்டம் ஒரு பக்கம். கௌரவித்துக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அதைவிடக் கேவலம், என் அப்பாவின் எலும்பும் மன்னிக்காது.

அவனோடு நான் பேச முடியாதே, அதனால் வழக்கம்போல வாசலில் படுத்திருந்த நாயிடம் பேசினேன். "ஏய் நாயே, பஸ்ல தொங்கறது உன் எஜமானுக்கு வம்பா வந்து முடியும்னு ஆர்வல் சொல்றான். திருப்பிக் கேக்க எனக்கு வாயி வரல" என்றேன். வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தவன் தலையை வெளியே நீட்டாமலே, "நாயே, குடுத்தத திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நானும் திருப்பித் தர மாட்டேன், அது அவங்களுக்கு அவமானம். எனக்கு ரெண்டு வாரம் வேணும்னு சொல்லு" என்றான். அன்று மாலையே இறகைக் கழற்றிச் சிவப்புத் துணியில் சுற்றி, பாதுகாப்பாக வைக்கச் சொல்லி உன் அப்பாவிடம் கொடுத்தான். பருந்து இறகை ஆர்வலிடம் தானே ஒப்படைத்தான். தன் திட்டம் பற்றி உனக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டானாம், அதுதான் ஞாயிற்றுக்கிழமை என்னாலும் வாய் திறக்க முடியவில்லை.

நேற்றுப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கொடை விருந்து வைத்தான் கோரா, கௌரவம் பெற்றவன் ஊருக்குக் கொடுக்கும் நம் வழக்கப்படி, ஒன்றும் குறையில்லாமல். சூப்பில் உப்புதான் கொஞ்சம் தூக்கல். போர்வைகளைக் கொடுத்தான், துண்டுகளைக் கொடுத்தான், பேருந்துப் பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் மாவு மூட்டை கொடுத்தான். கடைசியாக உன் அப்பா அந்த இறகை எடுத்துவர, பத்து வயது ஜனெல்லைக் கூப்பிட்டான். "அன்னிக்கு நான் வண்டியத்தான் பாத்துக்கிட்டேன். சின்னதுங்க தூங்கிடாம ஆறு மணி நேரம் பாட வெச்சது இவ. இது இவளுக்குச் சேர வேண்டியது" என்றான். உன் அப்பா அவள் முடியில் கட்டினார். ஜனெல் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, சட்டத்துக்கும் குறைவில்லை. நான் கொடுத்தது திரும்பி வரவுமில்லை, கொடையாகவே அடுத்த கைக்குப் போயிற்று. இந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்த நமக்கே இது தோன்றவில்லை பார்.

முரசு தொடங்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற ஹார்லன், "கொடை குடுத்தவரோட சனங்க வந்து பின்னால நில்லுங்க" என்றான். எரிக்கின் அப்பா அம்மா மினசோட்டாவில், அந்த அம்மாவுக்கு இடுப்பு அறுவை. அவன் மட்டும் அந்தப் பெரிய கூடத்தின் நடுவில் தனியாக நின்றான். உன் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். லியோனா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள், "அடியே, மருமகன்டி!" என்று. "தெரியும், முதுகத்தானே பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் அவனுக்குப் பின்னால் நின்றேன். ஹார்லன் தயங்கித் தயங்கி, "நீங்க இவருக்கு என்ன வேணும்மா?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டான். "என் மகன்" என்றேன். எரிக் திரும்பவில்லை, திரும்பக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். காது இரண்டும் சிவந்துபோயின, தோள் குலுங்கியது. அப்புறம் ஊர் முழுக்க வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது.

நீ எங்கே நின்றாலும் நம் முன்னோர்கள் உன் பின்னால் நிற்கட்டும், உடம்பும் மனசும் திடமாக இரு. நீ இங்கிருந்து கொண்டுபோன உன் இறகுக்கு வாங்கிய அனுமதிச் சீட்டு எப்போது முடிகிறது என்று பார், தேதி தாண்ட விடாதே. உன் புருஷனுக்கு இன்றே போன் செய், திட்டாதே.

உன்னையும் உன் வீட்டுக்காரனையும் நினைத்து நெஞ்சு நிமிர்ந்திருக்கும்
அம்மா வெர்னா