இலையில் மினுங்கியது

2006 ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

இன்று தாவரவியல் வகுப்பில் உளறிவிட்டேன். வெயிலில் நிற்கும் மரத்தின் இலை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். முத்துமாரி பூவரச இலை கொண்டுவந்தாள். எங்கள் நாகர்கோவில் இலையைவிடச் சின்னது, தடிப்பானது. மேலே வெள்ளியாக மினுங்கியது. “சிவகாசி மாதிரி மழை குறைந்த ஊரில் இலை இப்படித்தான் மெழுகு பூசிக்கொண்டு தண்ணீரைக் காப்பாற்றும்” என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன்.

“மிஸ், அது மெழுகு இல்ல, அலுமினியத் தூளு. அம்மா பட்டாசு கம்பெனில இருந்து பறிச்சிட்டு வந்துச்சு. அம்மா கையே அப்படித்தான் இருக்கும். எம்புட்டுக் கழுவுனாலும் போகாது” என்றாள் முத்துமாரி.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு கை இருக்கிறது போல.

அறைக்கு வந்து இலையைத் துடைத்துப் பார்த்தேன். தூளுக்கு அடியில் மெழுகும் இருக்கத்தான் செய்தது. நான் சொன்னது பாதி சரி. இதைச் சொல்லிச் சிரிக்க இந்த ஊரில் எனக்கு ஆள் இல்லை.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். விரல்நுனி இன்னும் மினுங்கியது. அந்த அம்மாவும் இப்படி ஒரு கையோடுதான் சோறு பிசைந்திருப்பார். எதிரில் முத்துமாரி உட்கார்ந்திருப்பாள்.