கேஸ் கிரில்லும் கேட் கிரில்லும்

அன்புள்ள தங்கத்துக்கு,

நீயும் சிந்துவும் சுகந்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன். இதைப் போனில் சொன்னால் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை மீன் சுட்டுச் சாப்பிடலாமென்று, மலிவாக ஒரு கேஸ் கிரில் தேடினேன். தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடைப் பக்கம் இருந்ததெல்லாம் கல்யாண வீட்டுக்கு ஆகிற அளவு. அசோக் நகரில் என் அறைக்குக் கீழே உள்ள பாத்திரக்கடையில் கேட்டேன். கடைக்காரர் காதில் 'கேட் கிரில்' என்று விழுந்து, வெல்டிங் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்.

பட்டறைக்காரர் இனாயத் பாய், "கேட்டு எத்தினி அடி?" என்று டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். மீன் சுடத்தான் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அதுக்கு இன்னாத்துக்கு சார் மிஷினு? கேஸ் அடுப்பு மேல வைக்கிற மாரி கம்பித் தட்டு அடிச்சித் தர்றேன். எத்தினி பேரு சாப்புடுவீங்கோ?"

யோசிக்காமல், "மூணு பேர்" என்று சொல்லிவிட்டேன்.

நேற்று முதன்முதலாகச் சுட்டேன். ருசிக்குக் குறையில்லை. தட்டுதான் அடுப்பைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒரே ஒரு சங்கரா மீன்.

மீனில் தடவ நீ அரைக்கும் மசாலாப் பொடி வேண்டும். பார்சலில் அனுப்பாதே. சிந்துவுக்குப் பரீட்சை முடிந்ததும் இரண்டு பேருமாகக் கொண்டு வாருங்கள். கடைக்கு நேரமாகிவிட்டது.

உன்
அய்யாதுரை