கேப்பைப் பால் காய்ச்சும் பக்குவம்

மார்கழி 12, வெள்ளி இரவு.

மகள் போனபிறகு அவள் கைக்குழந்தையை நான்தான் வளர்க்கிறேன். அவனைக் கூட்டிப்போக மாப்பிள்ளையின் அம்மா பழனியிலிருந்து வந்திருக்கிறாள். என் மகள் சாவுக்கு வந்து, காப்பியில் சீனி குறைவு என்றவள்.

"தேங்காப்பாலு குடுத்தா கொழுகொழுன்னு வருவான் மதினி."

"அது வெறுங்கொழுப்பு. குழம்புக்கு ஆகும், வயித்துப்புண்ணுக்கு ஆகும். இவனுக்குக் கழியும். கேப்பைப்பாலுதான் எலும்புக்கு உரம். உங்களுக்குத்தான் அதக் காச்சத் தெரியாதே."

"சொல்லிக் குடுங்க, அதையே குடுக்குறேன்."

கேழ்வரகை ஊறவைத்து ஆட்டுவது, துணியில் பிழிவது, கட்டி தட்டாமல் கிண்டுவது எல்லாம் சொல்லிவிட்டேன். தப்பாகச் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை வயிறு.

இனி அவனை அனுப்பாதிருக்க ஒரு சாக்கும் இல்லை. வெள்ளனே பஸ். என் இடது கைமேல் தூங்குகிறான். கை மரத்துவிட்டது, எடுக்க மனமில்லை.