எடின்பரோவுக்குப் போகும் வழி

1959 பெப்ரவரி 12, ஹட்டன்

நான் படிப்பிக்கும் நான்காம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மழையும் விட்டபாடில்லை. மதியம் எடின்பரோவிலிருந்து பேராசிரியர் கார்ஸ்வெல்லின் கடிதம் வந்தது. டாக்டர் பட்டம் முடித்தவர்களுக்கு அவருடைய உளவியல் பிரிவில் இரண்டு வருட ஆராய்ச்சி இடம் ஒன்று இருக்கிறது. அது எனக்குத்தான்! அக்டோபரில் போய்ச் சேர வேண்டும்.

வீட்டில் ஒரு சொல், பள்ளிக்கூடத்தில் வேறு சொல் என்று வளரும் பிள்ளையின் மனத்தில் இரண்டும் எப்படிக் குடியிருக்கின்றன? மெட்ராஸில் ஐந்து வருடம் இதைத்தான் ஆராய்ந்தேன். இங்கே இதைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள் கிடையாது. அங்கே இதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறதாம்.

தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை மரியநாயகி டீச்சர் பார்த்துவிட்டாள். "என்ன இசபெல், மாப்பிள்ளை வந்திருக்கா?" அதைவிடப் பெரிசு என்றேன்.

பெப்ரவரி 15, வட்டவளை

அப்பாவிடம் சொன்னேன். தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான அவருக்கே இந்தக் கணக்குப் பிடிபடவில்லை.

"டாக்டர் பட்டம் வாங்கின பொறவு இன்னும் என்ன பாப்பா படிப்பு?"

"படிப்பு இல்லப்பா, ஆராய்ச்சி. சம்பளம் குடுப்பாங்க."

"யோசிக்கிறதுக்குச் சம்பளமா!" என்று சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாஸ்போர்ட் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் தோட்டத்துத் தமிழர் பிரஜாவுரிமையை மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். 1951-இல் அப்பா போட்ட மனுவில்தான் என் பெயரும் இருக்கிறது. அது இன்னும் விசாரணைக்கே வரவில்லை. மெட்ராஸுக்குப் படிக்கப் போனபோது ஓர் அனுமதிச் சீட்டு போதுமாயிருந்தது. எடின்பரோவுக்கு அது போதாது.

ஏப்ரல் 3

விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மாதாவே!

ஏப்ரல் 21

இன்று விசாரணை. எழுதியே ஆக வேண்டும்.

அதிகாரி சிங்களவர். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். பிறந்த இடம், தோட்டம், பிள்ளை என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு மொழிபெயர்ப்பாளர், "உங்கட நாடு எது?" என்று கேட்டார்.

அப்பா கைகட்டி நின்று சொன்னார்: "எங்களுக்கு ஏதுங்க நாடு? நாங்க தோட்டந்தானுங்க. நாடு அந்தப் பக்கம் இருக்கு." ஜன்னலுக்கு வெளியே கையையும் காட்டினார்.

தோட்டத்தில் நாடு என்றால் பக்கத்துச் சிங்களக் கிராமம். நாட்டுக்குப் போய்ப் பலாக்காய் வாங்கிவந்தேன் என்போம். மொழிபெயர்ப்பாளருக்கு அது எங்கே தெரியும்? தன்னுடைய நாடு இதுவல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் என்று இவரே ஒப்புக்கொள்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

எழுந்து, "ஐயா, அவர் சொன்ன அர்த்தம் அது இல்லை" என்றேன். "உம்மை ஒருத்தரும் கேக்கேல்லை, இரும்" என்றார் மொழிபெயர்ப்பாளர். மறுபடியும் சொன்னேன். பியூனை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஒரு சொல் இரண்டு மனங்களில் இரண்டாகக் கிடப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிப் பட்டம் வாங்கினவ நான். என் கண்ணு முன்னாலயே நடக்குது, கதவுக்கு வெளிய நிக்கிறேன்! என்ன படிப்பு இது, யாருக்கு?

ரயிலில் அப்பா கேட்டார்: "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா பாப்பா?"

"இல்லப்பா. சரியாத்தான் சொன்னீங்க."

ஜூன் 30

மனு தள்ளுபடி.

ஜூலை 9

அப்பீல் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார் வக்கீல். கார்ஸ்வெல் அக்டோபருக்கு மேல் காத்திருக்க முடியாதாம். கண்டியில் இருக்கும் இந்தியத் தூதரகக் கிளைக்குப் போய் விசாரித்தேன். இந்தியப் பிரஜை என்று பதிந்துகொண்டால் இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் அதன் பிறகு இந்த ஊருக்குத் திரும்பி வர விசா வேண்டும். கொடுத்தால் உண்டு.

ஜூலை 12

நான் போகப் போவதில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தேநீரைத் தள்ளி வைத்தார்.

"ஒன்ன படிக்க வைக்கணும்னு உங்கம்மா எவ்வளவு பாடுபட்டா, தெரியுமா? போயிட்டு வா."

"போனா வர முடியாதுப்பா."

"மொதல்ல போ."

ஓகஸ்ட் 4

கண்டியில் இந்தியப் பிரஜை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெட்டி வாங்க வேண்டும்.

1960 நவம்பர் 20, எடின்பரோ

இன்று கருத்தரங்கில் பேசினேன். வேலை நன்றாகப் போகிறது. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கே என் கேள்விகளைக் கேட்டு யாரும் முழிப்பதில்லை. அப்பாவின் பதிலையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அருமையான உதாரணம் என்றார் கார்ஸ்வெல். அறைக்கு வந்து அழுதேன். அது உதாரணம் இல்ல, எங்கப்பா.

1961 செப்டெம்பர் 17

இரண்டு வருடம் முடிந்தது. இலங்கை விசா இல்லையென்று சொல்லிவிட்டார்கள். மெட்ராஸில் ஒரு கல்லூரியில் வேலை தருகிறார்கள். இனி அதுதான்.

நவம்பர் 2, மெட்ராஸ்

அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து மரியநாயகி எழுதியிருக்கிறாள். அவரும் கண்டிக்குப் போய்ப் பதிந்துவிட்டாராம். தோட்ட வேலைக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டாராம். "நீ வர முடியலைன்னா நான் வந்துட்டுப் போறேன்" என்று சொன்னாராம். வட்டவளையில் பிறந்த மனுஷன், கடலைக்கூடப் பார்த்ததில்லை. என் ஆராய்ச்சிக்கு அவர் கொடுக்கும் விலையா இது? வேண்டாம் என்று தந்தி அடிக்கப் போனேன். அடிக்காமல் திரும்பினேன். எனக்கும் அவர் வேண்டும்.

1962 மே 6

காலையில் எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பா கம்பளிச் சட்டையோடு இறங்கினார். வேர்வையில் நனைந்திருந்தார். என் தலையைத் தடவி, "எளச்சிட்டியே" என்றார். பிறகு அங்கேயே நின்று நாலா பக்கமும் பார்த்தார்.

"இங்க மலை எந்தப் பக்கம் பாப்பா?"

"வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டேன். தெருவுக்கு வந்த பிறகும் தலையைத் தூக்கிப் பார்த்தபடியே நடந்தார்.