சுவரடியில் கிடைத்த சிவப்பு ஸ்வெட்டர்

சனி, 12.12.2009

இஞ்சருங்கோ,

நான் ஷிப்டுக்குப் போறன். நித்திரையாலை எழும்பினதும் காலுறை போடாமல் முன்னறைக்குப் போய் நில்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு வாசியுங்கோ.

நிண்டீங்களோ? குளிரேல்லை, என்ன! இந்தக் கிழட்டு வீட்டிலை வெறுங்காலோடை மார்கழியிலை நிக்கலாமெண்டு ஆர் நினைச்சது?

பலகை வேலை செய்யிற லதீசன் பின்னேரம் வருவார். புது நிலத்துக்குப் படிக்குக் கீழை கடைசிப் பலகை அடிக்கக் கிடக்கு. புட்டும் கோழிக்கறியும் அடுப்பிலை. அவருக்கும் போட்டுக் குடுங்கோ.

நான் ஊரிலை மாதிரி வாளியாலை தண்ணி ஊத்திக் கழுவினபடியால்தான் பழைய பலகை நிலம் ஊறி உக்கினதெண்டு எத்தினை நாள் சண்டை பிடிச்சீங்கள்! ஊத்தினது உண்மைதான். ஆனால் லதீசன் வெளிச்சுவரின்ரை அடியிலை இருக்கிற காத்து ஓட்டையளுக்குள்ளை இருந்து எதை இழுத்தெடுத்தவர்? என்ரை வாளியையோ? நீங்கள் இடுப்பிலை கட்டிப் பழசாப்போன சாரங்களையும், ஜேர்மனியிலை இருந்து போட்டுக்கொண்டு வந்த சிவப்பு ஸ்வெட்டரையும். குளிருக்கு ஓட்டையை அடைச்சால் கீழை இருக்கிற ஈரம் எங்காலை போறது? “அண்ணை வீட்டுக்கும் ஸ்வெட்டர் போட்டுவிட்டிருக்கிறார்” எண்டு அவர் சொல்ல, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயித்து நோ.

இப்ப ஓட்டையாலை காத்து ஓடுது. பலகைக்கு அடியிலை வைச்ச கம்பளி சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கு.

றொசாந்தி

பி.கு: ஸ்வெட்டரைத் தோய்ச்சுக் காயப் போட்டிருக்கிறன். இனி நீங்களே போடுங்கோ. என்ரை வாளியை லதீசனிட்டைக் குடுத்துவிடுங்கோ, சாந்து குழைக்க உதவும்.

இன்னொண்டு: இரவைக்கு எல்லாரும் நிலத்திலை இருந்துதான் சாப்பாடு. கதிரையளைத் தேடாதீங்கோ. மேலறையிலை வைச்சுப் பூட்டிப்போட்டன், திறப்பு என்ரை கைப்பைக்குள்ளை.