கல்யாண ஆல்பமும் என் தழும்பும்

17 ஆகஸ்ட், ஞாயிறு

தொய்ந்த மார்பை உயர்த்தும் அறுவை சிகிச்சை செய்து இன்றோடு மூன்று மாதம். எனக்குத் திருப்திதான். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த உடம்பு இது.

என் வீட்டுக்காரர்தான் காலையில் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்படி வரலையே லா. தழும்பு வேற அப்படியே இருக்கு. டாக்டர் சரியா செய்யல போல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஈப்போ கிளினிக்கில் டாக்டர் அத்தனையும் சொன்னார். மார்பு உயரும், ஆனால் பழைய வயது திரும்பாது. தழும்பு மங்க ஒரு வருடமாவது ஆகும், முழுக்க மறையாது. வயதாக ஆக மறுபடியும் கொஞ்சம் தளரும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அலமாரியிலிருந்து அவருடைய கல்யாணச் சட்டையை எடுத்து நீட்டினேன். "அதே ஆல்பத்துல நீங்களும்தான் இருக்கீங்க. இத போடுங்க, பாப்போம்."

போட்டார். வயிற்றுப் பக்கம் ஒரு பட்டனும் மாட்டவில்லை.

"சட்டை சுருங்கிப் போச்சு லா" என்றார்.

என் உடம்பு என்றால் டாக்டர் மேல் குற்றம். அவர் உடம்பு என்றால் சட்டை மேல் குற்றம்.

சட்டையை நான் மடித்து வைக்கவில்லை. அலமாரிக் கதவில்தான் தொங்குகிறது. நாளைக்கும் பார்க்கட்டும்.