யாழினியின் தங்கைக்கு ஒரு பெயர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பனி. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவு முழுக்க மூடிக் கிடந்தது. வெயில் வந்த பிறகுதான் பாப்பாவின் துணிகளைக் காயப் போட முடிந்தது. பாதி இன்னும் ஈரம்.

வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை. லீவு ஞாயிறோடு முடிகிறது. அதற்குள் பாப்பாவுக்குப் பெயர் முடிவாக வேண்டும். அடுத்த வாரம் பதிய வேண்டும்.

கோயில் ஐயர் 'ஷ' வருகிற மாதிரி வைக்கச் சொன்னாராம். வீட்டுக்காரரின் அக்கா செல்வி அண்ணி, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கையோடு சொன்னார். தினமும் வேலை முடிந்ததும் இங்கேதான் வருகிறார், பாவம். ஆனால் என் முன்பள்ளியில் இப்போதே தனுஷிகா, கனிஷ்கா, ஹர்ஷினி, இரண்டு லக்ஷிகா. பெயர் கூப்பிடுவதற்குள் எனக்கு நாக்குச் சுளுக்கிவிடும். ஒரு தாயிடம் அர்த்தம் கேட்டேன் ஒருமுறை. "அர்த்தமா டீச்சர்? போன்ல பாத்தோம். ஸ்டைலா இருந்துச்சு."

சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யாழினினே வெச்சிருவமா?"

கல்லில் கிடந்ததைப் புரட்ட மறந்தேன். ரொட்டி அடியில் கருகிவிட்டது.

மார்ச் 4, புதன்

சரியான தூக்கம் இல்லை. முதுகுவலி. வாங்க: கொத்தமல்லி, பனடோல், பாப்பாவுக்குச் சவர்க்காரம்.

யாழினி எங்கள் மூத்தவள். மூன்று வருடத்துக்கு முன்பு, குறைமாதத்தில். பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள். பெயர் அவர் தேடியது. கொழும்பிலிருந்து போனில் சொன்னார், "யாழ் மாதிரி கொரலுள்ளவன்னு அர்த்தமாம் மகேஸ்." கண்ணாடியோடு வாயை ஒட்டி வைத்து அவளிடம் சொன்னேன். அவர் ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாயில் குழாய் இருந்ததால் அவள் அழுத சத்தத்தைக்கூட நான் கேட்கவில்லை. குரலுள்ளவள்!

பழைய பெயரும் இல்லையாம் அது. யாழ் பழைய சொல், அதிலிருந்து இந்தக் காலத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டது.

தைத்து வைத்திருந்த சட்டைகளை இவளுக்குப் போடுகிறேன். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. பெயரைக் கொடுக்க மனசு வரவில்லை. அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

அண்ணியிடம் சொன்னேன். "அதே பேர வெச்சா, போனவளே திரும்பி வந்துட்டானு நெனச்சிக்கலாம்ல?" என்றார்.

"அப்ப இவ யாரு அண்ணி?"

அண்ணி பாப்பாவின் காலை நீவிவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 5, வியாழன்

பிள்ளைக் காம்பராவில் கிளினிக். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அந்த அறையில்தான் எடையும் ஊசியும். பாப்பா எடை கூடியிருக்கிறாள். மிட்வைஃப் மிஸ்ஸுக்குச் சந்தோஷம். சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். 'ழ' மட்டும் வராது.

"யாலினி! யாலினி அம்மா, வாங்க!"

எழுந்து நின்றுவிட்டேன். கால் தானாக எழுந்தது. எனக்கு முன்னால் கீழ்ப்பிரிவுப் பெண் ஒருத்தி, இடுப்பில் குண்டுக் குழந்தையோடு போனாள். ஊசி ஏறியதும் அந்தக் குழந்தை கத்தியது பாருங்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அழுதிருக்கிறேன் போல, பக்கத்தில் இருந்தவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

வெளியே வந்ததும் அந்தக் குழந்தையின் தாயிடம் கேட்டேன், ஏன் இந்தப் பெயர் என்று.

"எங்க லயத்து வீடுகள்லயே இவளோட மூணு யாழினிக்கா. தெமோதரையில மாமா வீட்டுலயும் ஒருத்தி இருக்கா."

"அர்த்தம் தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாது. கூப்பிட நல்லாருக்குல்ல?"

தூக்கிப் பார்க்கவா என்றேன். கொடுத்தாள். "யாழினி" என்றேன், முழு ழகரத்தோடு. என் மூக்கைப் பிடித்து இழுத்தது.

இத்தனை வீடுகளில் அந்தப் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார்கள் என்பது ஏனோ ஆறுதல். ஆனாலும் என் வீட்டில் அது ஒருத்திக்குத்தான்.

மார்ச் 6, வெள்ளி

மத்தியானம் மழை. துணியெல்லாம் மறுபடி உள்ளே.

அவரிடம் கிளினிக் கதையைச் சொன்னேன். பிறகு கேட்டேவிட்டேன். "ஒங்களுக்கு ஏன் அந்தப் பேரேதான் வேணும்?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "நீயாவது அவள பேர் சொல்லி கூப்பிட்ட. நான் ஒருதடவகூட வாய்விட்டு கூப்பிடலயே மகேஸ். கடையில சாமான் எறக்கையில மனசுக்குள்ள கூப்பிட்டுக்குவேன். சத்தமா கூப்பிட ஆளில்லயே."

மறந்துவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தேன். இந்த மூன்று வருடத்தில் அவளைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. அதற்காக உள்ளுக்குள் அவர்மேல் கோபம்கூட.

"அவ மேல மலையிலதான் இருக்கா. போய்க் கூப்பிடுங்க," என்றேன்.

மார்ச் 7, சனி

காலையிலேயே போனார். கைக்குழந்தைக்காரி புதைகாட்டுக்குப் போகக்கூடாது என்று அண்ணி கண்டிப்பு. நான் வாசலில் நின்றேன். தேயிலைக்கு மேலே அந்தச் சவுக்கு மரங்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது காலெல்லாம் சேறு. சாரத்தில் அட்டை கடித்த ரத்தம். உப்பு எடுத்துக் கொடுத்தேன்.

"கூப்பிட்டீங்களா?"

"ம்."

"சத்தமாவா?"

"பக்கத்து மலையில கொழுந்து எடுத்தவங்கள்லாம் திரும்பிப் பாத்தாங்க. யாரயோ தேடுறேன்னு நெனச்சு ஒரு அம்மா எறங்கி வந்துருச்சு." சிரித்தார். அப்படியே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். இருவரும் சேர்ந்து அவளுக்காக அழுதது இன்றுதான்.

பிறகு தேத்தண்ணி.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். அவருடைய சட்டைகளைப் இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்தேன். இன்று கிளம்புகிறார்.

"அமுதானு வைப்பமா?" என்றேன். இரண்டு நாளாக நாக்கிலேயே இருந்த பெயர்.

"பழைய பேரா இருக்கே. எங்க காலத்துல லயத்துக்கு ஒரு அமுதா," என்றார் அவர்.

"இப்ப ஒருத்தியும் இல்லியே. என் பள்ளிக்கூடத்துல கெடயாது."

"ஷ இல்லயே?" என்றார் அண்ணி.

"ஐயருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். என்னா அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார் அவர்.

"பால்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் நம்பாமல் போனை எடுத்துத் தேடினார். விரல் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"சாகாமைனும் போட்டிருக்கு மகேஸ்."

"தெரியும்."

"அப்ப யாரு கேட்டாலும் பால்னே சொல்லுவோம்," என்று போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆட்டோ வந்துவிட்டது. குனிந்து பாப்பாவின் காதுக்குள் கூப்பிட்டார். அமுதா பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.